பிறக்காத பிள்ளைக்கு, மாமாவின் நான்கு மாதங்கள் பற்றி

இதை யாருக்கும் காட்டாதே. முதலிலேயே கெஞ்சிக் கேட்டுவிடுகிறேன். உன் அப்பா யாராக இருந்தாலும் அவருக்கும் காட்டாதே. என் அம்மாவுக்கு, அதாவது உன் அம்மம்மாவுக்கு, கட்டாயம் காட்டாதே. அவர் வாசித்தால் முதலில் அழுவார், பிறகு என்னை அடிப்பார், அதன் பிறகு மோர்டனில் இருக்கும் பெரியம்மாவுக்கு டெலிபோன் எடுப்பார். பெரியம்மாவுக்குத் தெரிந்தால் லண்டனில் உள்ள எல்லோருக்கும் தெரிந்த மாதிரி.

எனக்குப் பதினைந்து வயது. நீ இன்னும் பிறக்கவில்லை. இது உனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இந்த வீட்டில் உயிரோடு இருக்கும் எவருக்கும் நான் இதை எழுத முடியாது. டயரி எழுதினால் அம்மா கட்டில் விரிப்பு மாற்றும்போது எடுத்துவிடுவார். எங்கள் ஆங்கில ஆசிரியை மிஸிஸ் டன் சொல்லித் தந்த ஒன்று ஞாபகம் வந்தது: எழுதும்போது எல்லோருக்கும் எழுதாதே, ஒரே ஒரு ஆளை மனதில் வைத்துக்கொள், அந்த ஆளிடம் பொய் சொல்ல உனக்கு வெட்கமாக இருக்கவேண்டும். நான் யோசித்துப் பார்த்தேன். உன்னைத் தவிர எனக்கு யாரும் அகப்படவில்லை. நீ மகனா மகளா என்று தெரியாது. ஆகவே எங்கள் வீட்டில் இருபாலாரையும் கூப்பிடுவதுபோல உன்னைப் பிள்ளை என்றே கூப்பிடுகிறேன். நீ படிக்கவோ கல்யாணம் முடித்தோ வீட்டை விட்டுப் போகும் நாளில் இதை ஓர் உறையில் போட்டு உன் பெட்டிக்குள் வைப்பேன். தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் அது என் பிழை. அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

பத்து வயதில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே, லண்டனில் பிளேஸ்டோவுக்கு, அம்மாவோடு வந்தேன். அப்பா முன்பே வந்திருந்தார். இந்த ஐந்து வருடங்களில் ஆங்கிலேயரைப் பற்றி நான் கண்டுபிடித்ததில் கொஞ்சம் சொல்கிறேன், நீ அவர்களில் ஒருவரையே கட்டிக்கொள்ளக் கூடும். அவர்கள் சுகமா என்பதுபோல "ஓல்ரைட்டா?" என்று கேட்பார்கள். பதிலுக்கு நிற்கமாட்டார்கள். பக்கத்து வீட்டு மிஸ்டர் பெல் முதல்நாள் அப்படிக் கேட்டபோது, அம்மா மதிலோரம் நின்று தன் முழங்கால் நோவிலிருந்து ஆரம்பித்து, சாமான்கள் கப்பலில் வந்து சேராதது வரைக்கும் சொன்னார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் கையில் குப்பைப் பையோடு கால் மாற்றிக் கால் நின்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் பின்வாசலால் போனார். இன்னொன்று: பஸ்ஸில் நீ அவர்களுடைய காலை மிதித்தால் அவர்கள்தான் "சொறி" என்பார்கள். சின்ன மாமா வந்த புதிதில் இதை நம்பவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே ஒரு பெரிய மனிதரின் சப்பாத்தை மிதித்துப் பார்த்தார். அவர் "சொறி" என்றார். மாமா அன்று முழுவதும் சிரித்தார். "மிதிச்சது நான், மன்னிப்புக் கேட்டது அவர். இந்தச் சனத்திட்டையோ நான் பயந்து பயந்து வந்தனான்?"

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. இருபத்துமூன்று வயது. சென்ற வருடம் வந்தவர் எங்களோடு முன்னறையில் இருக்கிறார். அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, அதைத் தீர்மானிக்கும் ஹோம் ஒபீஸில் இரண்டாவது நேர்முகம். அதுதான் இந்த வீட்டின் மூச்சு இப்போது. அம்மா வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் ஒரு வசனம் முடிப்பதில்லை.

எங்கள் வீடுகளில் மொழிபெயர்ப்பு பிள்ளைகளின் வேலை. இது உன் காலத்தில் இருக்குமோ தெரியாது. கவுன்சில் கடிதம், டொக்டர், காஸ் பில், எல்லாம் நான்தான். பள்ளியில் பெற்றோரைக் கூப்பிடும் மாலையில் என்னைப் பற்றி ஆசிரியர்கள் சொல்வதைக் கூட நானே அப்பாவுக்கு மொழிபெயர்ப்பேன். கணக்கு வாத்தியார் "இவள் வகுப்பில் கனவு காண்கிறாள்" என்றார். நான் "நல்லா யோசிக்கிறனாம்" என்றேன். அப்பா எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். அப்படிச் செய்தது பிழை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் இங்கேதான் எல்லாம் தொடங்கியது: ஆட்கள் சொன்னதைக் கொஞ்சம் திருப்பி வேறு ஆட்களுக்குக் கொடுப்பது எனக்குச் சுலபமாக வந்தது.

மாமாவின் வக்கீலிடம் போனபோதும் நானே மொழிபெயர்த்தேன். வக்கீலுடைய மொழிபெயர்ப்பாளர் அன்று வரவில்லை. போவதற்கு முன் அப்பா என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "கவனமாக் கேள். உன்ரை மாமா கொழும்பிலையிருந்து நேரை இஞ்சை வந்தவர். ஜேர்மனி எண்டு ஒரு சொல்லு உன்ரை வாயிலையிருந்து வரக்கூடாது. அங்கை இருந்தது தெரிஞ்சால் அங்கையே திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அங்கையிருந்து எங்கை அனுப்புவாங்களோ, ஆருக்குத் தெரியும்? விளங்குதோ?" நான் ஓம் என்றேன். மாமா வக்கீலிடம் நேரே வந்த கதையைச் சொன்னார். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். வக்கீல் எழுதினார். மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் ஒரே சொற்களில் சொன்னோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸின் மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்தோம். மழை. மாமா டிக்கெட்டைச் சின்னதாக மடித்தார். பிறகு, "நாலு மாதம் பிள்ளை. ஒரு நாள், ரெண்டு நாள் இல்லை. அந்த நாலு மாதமும் நான் எங்கையோ இருந்தனான்தானே? இப்ப அது இல்லையாம்," என்றார். அதன் பிறகு அந்த நான்கு மாதத்தையும் எனக்குச் சொன்னார். கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து கிழக்கு பேர்லின், அங்கிருந்து ரயிலில் ஏறி மேற்கே இறங்கியது. ஓர் அறையில் ஒன்பது ஆண்கள். கோட் ஒன்றுதான், வெளியே போகிறவர் போட்டுக்கொண்டு போவார், மற்றவர்கள் அவர் வரும் வரைக்கும் உள்ளே. எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. வெங்காயம் களவு போகிறது என்று ஒவ்வொருவரும் தன் வெங்காயத்தில் பேனையால் பெயர் எழுதி வைத்தார்களாம். "உரிச்சவுடனை பேரும் தோலோடை போயிடும். அதுக்குப் பிறகு ஆற்றை வெங்காயம் எண்டு அடிபாடு. கடைசியிலை ஒருத்தன் சொன்னான், பேரை உள்ளுக்கை எழுதுங்கோடா எண்டு." மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணாடியில் நீராவி படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. இறங்கும்போது, "உனக்கு மட்டும் சொன்னனான். கொம்மாவுக்குக் கூட இவ்வளவு தெரியாது," என்றார்.

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

பள்ளியில் "ஒரு பயணம்" என்று கட்டுரை கேட்டார்கள். நான் முதலில் வகுப்போடு சௌத்எண்ட் கடற்கரைக்குப் போனதைப் பற்றி எழுதினேன். நீலக் கடல், அலை, வெள்ளி மணல், பறவைகள் எல்லாம் போட்டேன். மிஸிஸ் டன் அதை மேசையில் வைத்துக்கொண்டு, "நீ அன்று எங்களோடு வந்தாய்தானே?" என்று கேட்டார். வந்தேன் என்றேன். "நானும் வந்தேன். கடல் அன்று வற்றிப்போய் எங்கோ தூரத்தில் கிடந்தது. எங்களுக்கு முன்னால் இருந்தது சேறு. உன் சப்பாத்து சேற்றில் புதைந்து நீ அழுதாய். சேறு எங்கே?" கடல் என்றால் நீலம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டு எழுதினேன், பார்த்ததை எழுதவில்லை. அவர் கோபிக்கவில்லை. வேறொரு பயணத்தை எழுதிக்கொண்டு வா, அழகு என்ற சொல்லை மட்டும் ஒரு தரமும் பாவிக்காதே என்றார்.

பிள்ளை, எழுத விரும்பினால் இதை மட்டும் கேள். பெரிய சொல் வரும்போது நிற்பாட்டிவிட்டு, அங்கே உண்மையில் என்ன இருந்தது என்று கேட்டுப்பார். கோட் எத்தனை? ஒன்று. யார் போட்டுக்கொண்டு போனார்? மற்றவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்தார்கள்? நான் அப்படிக் கேட்டுக் கேட்டு எழுதினேன். நான்கு தாள். மாமாவின் நான்கு மாதமும் அதில் இருக்கிறது. "என் மாமா" என்றே எழுதினேன். ஒரே இருப்பில், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன். எழுதும்போது ஒருதரம் கூட எனக்குப் பயம் வரவில்லை. அப்பா குசினியில் ஜன்னல் சாத்தியதை நினைக்கவே இல்லை. சந்தோஷமாக இருந்தது. அதுதான் என் பிழை. யாருக்கோ கெடுதல் செய்யவேண்டும் என்று எழுதவில்லை. எழுத்து நன்றாக வருகிறது என்பதில் அது யாருடைய உயிர் என்பது எனக்கு மறந்துபோனது.

சென்ற வியாழக்கிழமை மிஸிஸ் டன் வகுப்பு முடிந்து என்னை நிற்கச் சொன்னார். கட்டுரையை இரண்டு தரம் வாசித்தாராம். பள்ளிச் சஞ்சிகையில் முதலாவதாகப் போடப் போவதாகச் சொன்னார். பெற்றோர் வரும் மாலையில் எல்லோருக்கும் கொடுப்பார்கள், பிறகு நகரசபை நூலகத்திலும் வைப்பார்கள். "உன் பெயர் மேலே பெரிதாக வரும்," என்றார். எனக்கு நெஞ்சு அடித்தது. பயத்தில் என்று எழுதினால் உனக்குப் பொய் சொன்னதாகிவிடும். ஆசையில்தான் அடித்தது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில், தபால்பெட்டிக்கு முன்னால் வந்தபோதுதான் எனக்குள் அப்பாவின் அந்தக் குசினிக் குரல் கேட்டது.

சனி, ஞாயிறு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போனபோது, எங்கள் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் இன்னும் மூன்று பிள்ளைகளின் தகப்பன்மாரை வாசலில் பார்த்தேன். ஒருவர் பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் கணக்காளர், ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பவர். "எப்பிடிப் பிள்ளை, மாமாவின்ரை கேஸ் என்ன மாதிரி?" என்று கேட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் சஞ்சிகையைக் கையில் எடுத்தால் முதல் பக்கத்தில் அது இருக்கும். எந்த வீட்டில் புதிதாக மாமா வந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவியிடம் சொல்லுவார், மனைவி கோயிலில் சொல்லுவார். எங்கே போய் முடியும் என்று யாருக்குத் தெரியும்? ஞாயிறு இரவு ஞாபகத்திலிருந்து வேறு தாளில் பெயர்களை மாற்றி எழுதிப் பார்த்தேன். மாமாவைப் பக்கத்து வீட்டுக்காரராக்கினேன். ஜேர்மனியை வேறு நாடாக்கினேன். வாசித்தால் மறுபடியும் சௌத்எண்ட் நீலக் கடல். கிழித்துப் போட்டேன்.

இன்று திங்கட்கிழமை. மதிய இடைவேளையில் மிஸிஸ் டன்னின் அறைக்குப் போய்க் கட்டுரையைத் திருப்பித் தரச் சொன்னேன்.

"ஏன்?" என்றார்.

காரணம் சொன்னால் அதுவே காட்டிக்கொடுப்பது. அதனால், "அது உண்மையில்லை மிஸ். நான் எல்லாவற்றையும் கற்பனை செய்தேன். எனக்கு மாமாவே இல்லை," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வெங்காயத்தில் பெயர் எழுதுவதை யாரும் கற்பனை செய்ய முடியாது," என்றார்.

வெளியே பெடியள் பந்தடிக்கிற சத்தம். அவர் மறுபடி ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மேசை லாச்சியைத் திறந்து நான்கு தாளையும் எடுத்து என் கையில் தந்தார். "இதற்கு வேறு பிரதி இல்லை. இன்னும் டைப் அடிக்கக் கொடுக்கவில்லை. சஞ்சிகை நாளைக் காலை ஒன்பது மணிக்கு டைப்புக்கும் அச்சுக்கும் போகிறது. நீ கொண்டுவந்தால் போடுவேன். கொண்டுவராவிட்டால் இப்படி ஒன்றை நான் வாசிக்கவே இல்லை. யார் கேட்டாலும்." பிறகு, வேறு குரலில், "நீ எப்படிச் செய்தாலும் எழுதுவதை விடாதே," என்றார். நான் "சொறி மிஸ்" என்றேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. நானும் இந்த ஊர்க்காரியாகிவிட்டேன்.

அந்த நான்கு தாளும் இப்போது என் முன்னால் இருக்கின்றன. கிழிப்பது ஒரு நிமிட வேலை. இரண்டு மணித்தியாலமாக அதைச் செய்யாமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஹோம் ஒபீஸைவிட என்னை நினைத்துத்தான் இப்போது கூடுதல் பயம். ஏனென்றால் கிழிக்கவேண்டும் என்று தெரிந்த பிறகும், ஒரு சொல்லை மாற்றினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று பேனையை எடுத்துவிட்டேன். மாற்றியும்விட்டேன்.

இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா கோப்பை கழுவ, நான் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"மாமா, உங்களுக்கு ஒண்டு வாசிச்சுக் காட்டவேணும்."

அவருடைய கை தண்ணீருக்குள் நின்றது. "ஹோம் ஒபீஸ் கடிதமோ?"

"இல்லை. நான் எழுதினது. பள்ளிக்கூடத்துக்கு."

"அட, இதுக்கோ இந்த முகம்? நான் பயந்துபோனன். இங்கிலீசிலையோ?"

"ஓம். தமிழிலை சொல்லுறன்."

"சரி சரி, எழுத்தாளர் அம்மா. கொப்பர் ஷிப்டுக்குப் போகட்டும், வாறன். என்னைப் பற்றி ஏதும் நல்லதா எழுதியிருக்கிறியோ?"

பகிடிக்குத்தான் கேட்டார். நான் தட்டை அலுமாரிக்குள் வைக்கிற சாட்டில் திரும்பிக்கொண்டேன்.

அவரிடம் கேட்பதுதான் நியாயம் என்று பின்னேரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய பயணம், அவருடைய நான்கு மாதம், அவர்தான் தீர்மானிக்கவேண்டும். ஆனால் இதை எழுத எழுத எனக்கு வேறொன்று விளங்குகிறது. மாமா வேண்டாம் என்று சொல்லமாட்டார். நான் வாசிக்கும்போது என் முகத்தைப் பார்ப்பார். எனக்கு ஆசை என்று கண்டுகொள்வார். "குடு பிள்ளை, என்ன வரப்போகுது," என்று சொல்லிவிடுவார். வந்த புதிதில் தன் கையில் இருந்ததை வைத்து எனக்குப் பேனை வாங்கித் தந்தவர் அவர். பஸ்ஸில் அந்த நான்கு மாதத்தையும், இனி அது எங்கேயும் இருக்கக்கூடாது என்பதால்தான் எனக்குள் வைத்தார். அதை யாராவது ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்றால் அவருக்கு அழுகை வரும். ஆகவே அவரிடம் கேட்பது கேட்பதாகாது. என் ஆசையை அவர் தலையில் வைப்பதுதான். பிள்ளை, நீ ஒருவரிடம் அனுமதி கேட்கும்போது அவரால் இல்லை என்று சொல்ல ஏலுமா என்று முதலில் பார். ஏலாது என்றால் கேட்காதே. நீயே தீர்மானி, பழியை நீயே வைத்துக்கொள்.

ஆனால் வரச் சொல்லிவிட்டேன். அப்பாவின் கார் இப்போதுதான் போனது.

நான் இப்படிச் செய்யப் போகிறேன். அவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டுவேன், ஒரு சொல்லையும் திருப்பாமல். அச்சைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். வகுப்புக்கு எழுதியது, புள்ளி கிடைத்தது, அவ்வளவுதான் என்பேன். அவர் போன பிறகு கிழிப்பேன். செய்வேன் என்று எழுதிவிட்டால் செய்யவேண்டி வரும் என்பதற்காகத்தான் இதை உனக்கு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ விரிக்கும்போது உள்ளே வேறு தாள் ஒன்றும் இல்லை என்றால், உன் அம்மா சொன்னபடி செய்தாள் என்று விளங்கிக்கொள். மாமா இங்கேதான் எங்கேயாவது இருப்பார், வயதாகியிருக்கும், நீ போய் அவரிடமே கேள். அவர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார். உள்ளே நான்கு தாளும் மடித்து இருந்து, மாமாவும் இருந்தால், எனக்குத் துணிவு வரவில்லை, ஆனால் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். தாள்கள் அச்சில் இருந்து, மாமா இங்கே இல்லை என்றால், பிள்ளை, அப்போது நீ என்னிடம் வந்து

மாமா கதவைத் தட்டுகிறார்.